படிவம் 1, 2 (13, 14 வயது) பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்க வேண்டும். நீங்கள் எப்படிப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

பெர்ரி வாசகி (பினாங்கு) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தீவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று வருடமாக வள மையப் பொறுப்பும், அதாவது பள்ளி நூலகப் பொறுப்பும், என் கையில்தான் இருக்கிறது. வீடு பட்டர்வொர்த் பக்கம், தினமும் பெர்ரியில் (பயணிகள் படகில்) போய் வருகிறேன், புத்தகம் படிப்பதெல்லாம் அந்தப் பெர்ரியிலும் அதற்காகக் காத்திருக்கும் நேரத்திலும்தான். இந்த வருடம் தமிழ்ப் புத்தகங்களுக்கென்று 1,200 வெள்ளி (ரிங்கிட்) கிடைத்திருக்கிறது. பெரிய தொகை இல்லை, ஆனால் எனக்குத் தெரிந்து எங்கள் பள்ளியில் தமிழ் அலமாரிக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கியது இதுதான் முதல் தடவை. அதைச் சரியாகச் செலவழிக்க வேண்டுமே என்ற கவலையில்தான் இங்கே கேட்கிறேன்.

முதலில் அலமாரியில் இப்போது என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

மேல்தட்டு முழுக்க அன்பளிப்பாக வந்த பழைய புத்தகங்கள். நல்ல மனசோடு கொடுத்தவை, குறை சொல்லவில்லை. ஆனால் பாதிக்கு மேல் 1978-க்கு முந்தைய அச்சு, அதாவது தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் வந்தவை. அதில் 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை போட்ட பழைய வடிவத்தில் இருக்கும், 'றா', 'னா' வேறு மாதிரி சுழிந்திருக்கும். ஒரு படிவம் 1 பையன் 'யானை' என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு, "டீச்சர், இது என்ன எழுத்து?" என்று கேட்டான். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்தவன், நன்றாக வாசிப்பான். அந்த எழுத்தைத்தான் அவன் அதுவரை பார்த்ததே இல்லை.

நடுத்தட்டில் 80 ஒழுக்கக் கதைப் புத்தகங்கள், எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி அட்டை, முன்பு யாரோ மொத்தமாக வாங்கிப் போட்டது. சோம்பேறி திருந்துவான், பேராசைக்காரன் கெட்டுப்போவான். இரவல் பதிவேட்டைப் புரட்டினேன். மூன்று வருடத்தில் 11 தடவைதான் வெளியே போயிருக்கின்றன, அதுவும் பெரும்பாலும் நீலாம் பதிவுக்காக (படித்த புத்தகங்களைக் கணக்கு எழுதும் பள்ளி வாசிப்புத் திட்டம்), ஒல்லியாக இருக்கிறதே என்று எடுத்துப் போனது.

கீழ்த்தட்டில் பெரியவர்களுக்கான நாவல்கள். பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் இருக்கிறது. முதல் பாகத்தின் முதுகு நைந்து நூல் தெரிகிறது, மற்ற நான்கும் கடையிலிருந்து வந்த மாதிரியே இருக்கின்றன. எத்தனை பிள்ளைகள் ஆசையாக ஆரம்பித்து எங்கே விட்டார்கள் என்பது அந்த முதுகைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆக, பத்து வயது வரைக்கும் படக்கதை இருக்கிறது, பாட்டு இருக்கிறது. பதினேழு வயதுக்கு நாவல் இருக்கிறது. நடுவில் 12 முதல் 15 வரை பெரிய பள்ளம். அந்த வயதில்தான் பிள்ளை தமிழை விட்டுவிட்டு மலாய், ஆங்கிலப் புத்தகங்களுக்குப் போகிறது. அங்கே அந்த வயதுக்கென்றே வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், போகாமல் என்ன செய்யும்?

சரி, என் பிரச்சினைக்கு வருகிறேன். படிக்காத புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுப்பதில்லை என்று ஒரு முடிவு எடுத்தேன். வருட ஆரம்பத்திலிருந்து இதுவரை 34 புத்தகம் அட்டை முதல் அட்டை வரை படித்திருக்கிறேன். கையில் பென்சிலும் ஒரு சின்ன நோட்டும். "ப. 42, அப்பா குடிக்கிறார்", "ப. 67, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது", "கடைசியில் சாவு". இப்படி எழுதிக்கொண்டே போகிறேன். முதல்வர் கையெழுத்துப் போட வேண்டும், பெற்றோர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அதனால் இதுவும் தேவைதான். ஆனால் போன மாதம் ஒரு நாள் நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது பகீரென்று இருந்தது. 34 புத்தகத்தைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததெல்லாம் அதில் என்ன தப்பு இருக்கிறது என்பதுதான். எது நன்றாக இருந்தது, எங்கே சிரித்தேன் என்று ஒரு வரிகூட இல்லை.

ஒரே ஒரு புத்தகம் விதிவிலக்கு. டோட்டோ-சான், நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட தமிழ்ப் பதிப்பு. ஜப்பானில் 1981-இல் வந்தது. அதில் போலியோ வந்த யாசுவாக்கி என்ற பையனை டோட்டோ-சான் என்ற சிறுமி மரத்தில் ஏற்றிவிடும் இடம் இருக்கிறதே, ஏணி சரிப்படாமல் இன்னொரு ஏணி தேடி இழுத்துக்கொண்டு வருவாள், அந்த இடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது பெர்ரி நின்று, ஆட்கள் எல்லாரும் இறங்கிப் போய், வேலையாள் வந்து "கக், சுடா சம்பாய்" (அக்கா, வந்து சேர்ந்தாச்சு) என்று சொன்ன பிறகுதான் நிமிர்ந்தேன். நோட்டில் அன்றைக்கு எதுவுமே எழுதவில்லை.

இப்போது என்னைக் குடைவது இரா. நடராசனின் 'ஆயிஷா'. சின்னப் புத்தகம், ஓர் அறிவியல் ஆசிரியை தான் எழுதிய நூலுக்கு முன்னுரை எழுதுகிற மாதிரி போகும். ஓயாமல் கேள்வி கேட்கிற ஒரு மாணவி, கேட்டதற்கெல்லாம் பள்ளியில் அடி. கடைசியில் அடி வலிக்காமலிருக்க வேண்டும் என்று மரத்துப்போகும் மருந்தைத் தன் உடம்பிலேயே செலுத்திப் பார்த்து இறந்துபோகிறாள். எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் வருகிற கதை வேறு இல்லை என்று ஒரு மனசு சொல்கிறது. 13 வயதுப் பிள்ளை கையில் இதைக் கொடுத்துவிட்டு நீ நிம்மதியாகத் தூங்குவாயா என்று இன்னொரு மனசு கேட்கிறது.

என் கேள்வி இதுதான். நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள்? எதைப் பார்த்து "சரி, இது அலமாரிக்கு" என்று முடிவு செய்கிறீர்கள்? ஆயிஷா மாதிரி புத்தகத்தை வைப்பீர்களா, மாட்டீர்களா? பெயர் பட்டியல் கொடுத்தாலும் சந்தோஷம், ஆனால் எனக்குப் பட்டியலைவிட முறைதான் வேண்டும்.


செந்தூல் வாத்தியார் (கோலாலம்பூர்):

டீச்சர், வணக்கம். ஓய்வுபெற்று எட்டு வருடமாகிறது, அதற்கு முன் நானும் இதே வேலையைத்தான் பார்த்தேன். உங்கள் நோட்டை விடாதீர்கள், ஆனால் பக்கத்தை மாற்றுங்கள்.

இந்தியாவில் நூலகத் துறைக்கு அடிப்படை போட்டவர் நம் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன். அவர் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் இரண்டை நான் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இந்த இரண்டாவதுதான் விஷயம். நான் என்ன செய்வேன் என்றால், புத்தகம் படித்து முடித்ததும் நோட்டில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுவேன்: இது யாருக்கு? "13 வயது மாணவர்களுக்கு" என்று எழுதினால் ஏமாற்று வேலை. ஒரு பிள்ளையின் பெயரை எழுத வேண்டும். படிவம் 2-இல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பந்து பற்றி மட்டுமே பேசும் பையன், தம்பியைப் பார்த்துக்கொள்வதால் வாரம் ஒரு நாள் பள்ளிக்கு வராத பெண், இந்த மாதிரி ஒரு முகம் வர வேண்டும். படித்து முடித்தும் ஒரு முகம்கூட வரவில்லை என்றால் அது எவ்வளவு நல்ல புத்தகமாக இருந்தாலும் என் பள்ளிக்கு இல்லை, வேறு பள்ளிக்குப் போகட்டும். அந்த 80 ஒழுக்கக் கதைகளை வாங்கியவர் யாரையாவது மனதில் வைத்து வாங்கியிருப்பாரா சொல்லுங்கள்.

ரொம்பக் காலத்துக்கு முன் நடந்த ஒன்று. ஒரு பையன், தமிழ்ப் பாடத்தில் வாயே திறக்க மாட்டான். அவனுடைய தாத்தாவின் அப்பா சயாம் ரயில் வேலைக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை என்று அவன் பாட்டி ஒரு நாள் என்னிடம் சொன்னார். எனக்கு உடனே அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஞாபகத்துக்கு வந்தது. நம் நாட்டு எழுத்தாளர், சயாம் மரண ரயிலைப் பற்றி எழுதிய நாவல். ஜப்பான்காரன் 1942-இலும் 1943-இலும் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டருக்குப் போட்ட அந்தத் தண்டவாளத்துக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் எப்படிப் போனார்கள் என்று வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் அவன் படித்திருக்க மாட்டான். நாவல் முழுவதையும் 14 வயதுப் பையன் படிப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சில பக்கங்களில் காகிதத் துண்டு வைத்துக் கொடுத்தேன், இதை மட்டும் பாட்டிக்கு வாசித்துக் காட்டு என்றேன். இரண்டு வாரம் கழித்துக் காகிதத் துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். முழுவதும் படித்துவிட்டார்கள், இரண்டு பேரும்.

பெரியவர்கள் புத்தகம், பிள்ளைகள் புத்தகம் என்ற கோட்டை நான் அதற்கப்புறம் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன்.

பழைய எழுத்துப் புத்தகங்களைக் கழித்துவிடாதீர்கள் டீச்சர். பழைய எழுத்து, புது எழுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஓர் அட்டை செய்து அந்தத் தட்டில் ஒட்டி வையுங்கள். பதின்மூன்றே எழுத்துதான். ரகசிய எழுத்து என்று சொல்லிப் பாருங்கள்.


நிபோங் திபால் அம்மா:

நான் ஆசிரியை இல்லை. படிவம் 1 படிக்கும் மகளின் அம்மா, அதனால் வேறு பக்கத்திலிருந்து எழுதுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

ஆயிஷாவை நான் படித்ததில்லை, டீச்சர் எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன். என் மகள் ஒரு விஷயத்தைப் படித்தால் அதை ஒரு வாரம் சுமந்துகொண்டு திரிகிற பிள்ளை. போன வருடம் ஒரு கதையில் நாய் செத்துப்போனதற்கு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு பிள்ளை தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு இறப்பதை அவள் தனியாக, பள்ளி வேனில் உட்கார்ந்து படிக்க வேண்டுமா? நல்ல இலக்கியம் என்பதற்காக எல்லாவற்றையும் கொடுத்துவிட முடியாது. வீட்டில் கைப்பேசியைப் பிடுங்கி வைக்கிறோம், என்ன பார்க்கிறாள் என்று கவனிக்கிறோம், பள்ளி அலமாரியை மட்டும் நம்பித்தான் விடுகிறோம். அந்த நம்பிக்கையை நினைத்துப் பார்த்து முடிவு எடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

டீச்சர் பென்சில் வைத்துக்கொண்டு படிப்பது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. எங்களுக்காக யாரோ ஒருவர் அவ்வளவு கவனமாகப் படிக்கிறார் என்பதே ஆறுதலாக இருக்கிறது.


பெர்ரி வாசகி:

அக்கா, தப்பாக நினைக்க ஒன்றுமில்லை, எழுதியதற்கு நன்றி. "தனியாக, வேனில் உட்கார்ந்து" என்று நீங்கள் எழுதியதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் புத்தகத்தைப் பற்றி மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், பிள்ளை அதை எங்கே உட்கார்ந்து படிக்கும், படித்து முடித்தபோது பக்கத்தில் யார் இருப்பார் என்று யோசிக்கவே இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' என்ற புத்தகத்தை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் பட்டியலில் சேர்த்துவிட்டேன். 2020-க்கான பால சாகித்ய புரஸ்கார் (இந்தியாவின் சாகித்ய அகாடமி சிறுவர் இலக்கியத்துக்குத் தரும் விருது) வாங்கியது. தப்பாகத் தொடுகிறவர்களைப் பற்றி ஒரு சின்னப் பெண் வாய் திறந்து சொல்ல ஒரு மரப்பாச்சி பொம்மை துணை நிற்கும் கதை. அதுவும் கனமான விஷயம்தான். ஆனால் அதைப் படிக்காமலே ஒரு பிள்ளை அந்த நிலைமையில் தனியாக நிற்பதைவிடப் படித்துவிட்டு நிற்பது நல்லது. கனம் என்பதற்காக ஒதுக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான்.

வாத்தியார் ஐயா, பெயர் எழுதும் யோசனையை இன்றைக்கே ஆரம்பிக்கிறேன்.


மாயாவி ரசிகன் (ஜார்ஜ்டவுன்):

ஆசிரியர்கள் நடுவில் நான் நுழைகிறேன், மன்னிக்கவும். எனக்கு இப்போது 29 வயது. பதின்மூன்று வயதில் தமிழ் வாசிப்பை நான் விடாமல் இருந்ததற்கு ஒரே காரணம் காமிக்ஸ். என் மாமா தமிழ்நாட்டுக்குப் போகும்போதெல்லாம் சிவகாசி காமிக்ஸ் கட்டுக் கட்டாக வாங்கி வருவார், 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்த முத்து காமிக்ஸ், அப்புறம் 1984-இல் வந்த லயன் காமிக்ஸ். "ஐயகோ!", "தொலைந்தாய் நீ!" என்று பேசும் அந்தத் தமிழை யாரும் வீட்டில் பேச மாட்டார்கள், ஆனால் அதில்தான் எனக்கு நீளமான வாக்கியம் வாசிக்கும் வேகம் வந்தது. ஒரு பலூனை விட்டால் கதை புரியாது, அதனால் தெரியாத சொல்லையும் முட்டி மோதிப் படித்துவிடுவேன்.

டீச்சர், உங்கள் பட்டியலில் ஒரு காமிக்ஸ்கூட இல்லையே என்று பார்த்தேன். பையன்கள் வள மையத்துக்குள் வரும் வாசல் அதுதான். கிழிந்துபோகும், திரும்பி வராது, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கிழிகிறது என்றால் படிக்கிறார்கள். என்னிடம் இரட்டையாக இருப்பவை சுமார் 20 இருக்கும், ஒரு நாள் பள்ளி முடிந்து கொண்டுவந்து தருகிறேன்.


பிரிக்பீல்ட்ஸ் டீச்சர் (கோலாலம்பூர்):

நானும் இடைநிலைப்பள்ளிதான், படிவம் 1 முதல் 3 வரை. செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

புத்தகம் கையில் வந்ததும் நான் முதல் பக்கத்தைப் படிப்பதில்லை. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டு வாசிப்பேன். ஆசிரியை நானே ஒரு வாக்கியத்தில் இரண்டு தடவை மூச்சு வாங்கினால் பிள்ளை நிச்சயம் நிறுத்திவிடும். அப்புறம் அதே பக்கத்தை ஒரு நடுத்தரமான மாணவியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். எங்கே தடுக்குகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும். ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து தெரியாத சொல் வந்தால் புத்தகம் கடினம் என்று விரல் மடக்கி எண்ணச் சொல்வார்கள். நம் பிள்ளைகளுக்கு அது சரிவராது, ஏனென்றால் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் வரும் தெரியாத சொல் பாதி கடினமான சொல்லே இல்லை. கண்மாய், வரப்பு, களத்துமேடு, திண்ணை. அங்கே ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். இங்கே 'கண்மாய்' என்று வந்தால் கண்ணில் போடும் மையா என்று கேட்கிறார்கள். அதே பிள்ளைக்குப் பால்மரமும் செம்பனையும் லாலாங் புல்லும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கு நான் செய்தது ரொம்பச் சின்ன வேலை. ஒவ்வொரு புத்தகத்திலும் பின்னட்டையின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுவேன், பதினைந்து சொல், அதற்கு நம் ஊர்ப் பேச்சில் விளக்கம். கண்மாய்: மழைத் தண்ணீரைத் தேக்கி வயலுக்கு விடுகிற பெரிய குளம். அவ்வளவுதான். இப்போது அந்தத் தாளை நான் எழுதுவதில்லை, முதலில் படிக்கும் மாணவர் எழுதுகிறார். அடுத்துப் படிப்பவர் அதில் சேர்க்கிறார், திருத்துகிறார், சில நேரம் சண்டையே நடக்கிறது. ஒரு புத்தகத்தில் தாள் மூன்றாகிவிட்டது.

அடுத்தது, பெராலிஹான் வகுப்புப் பிள்ளைகளும் (படிவம் 1-க்கு முன் ஒரு வருடம் படிக்கும் புகுமுக வகுப்பு), தமிழ்ப்பள்ளிக்கே போகாமல் மலாய்ப் பள்ளியிலிருந்து வந்து இப்போதுதான் தமிழ் எடுக்கும் பிள்ளைகளும். 13 வயது, ஆனால் வாசிப்பு இரண்டாம் ஆண்டு நிலை. இவர்களிடம் படப் புத்தகத்தைக் கொடுத்தால் அவமானமாக இருக்கிறது, நண்பன் பார்ப்பதற்குள் பைக்குள் ஒளித்துவிடுவார்கள். எனக்கு இதில் ரொம்ப நாள் வழி தெரியவில்லை. பிறகு பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் பேசி, மாதம் ஒரு சனிக்கிழமை முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க இவர்களை அழைத்துப் போக ஆரம்பித்தேன், புறப்பாட நடவடிக்கைக் கணக்கில். இப்போது படப் புத்தகம் எடுப்பதற்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிட்டது. வீட்டில் ஐந்து தடவை வாசித்துப் பழகிவிட்டு வருகிறார்கள், சின்னப் பிள்ளைகள் முன்னால் தடுக்கக் கூடாதே. புத்தகத்துக்குப் பணம் செலவில்லை, பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து இலவசமாக இருக்கின்றன, இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம்.

பணம் போட்டு வாங்குவதற்குப் பட்டியல் வேண்டுமென்றால் பால சாகித்ய புரஸ்கார் வாங்கிய தமிழ் நூல்களிலிருந்து ஆரம்பியுங்கள். 2010 முதல் கொடுக்கிறார்கள். எல்லாமே உங்கள் வயதுக்குப் பொருந்தாது, சில ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கானவை, ஆனால் தேட ஓர் இடம். என் மாணவர்களிடம் ஓடியது உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2023-க்கானது. கீழடி அகழாய்வை ஒட்டிய கதை. நம் பிள்ளைகளுக்குக் கீழடி எங்கே இருக்கிறது என்றே தெரியாது, ஆனால் மண்ணுக்கடியில் பொம்மை கிடைக்கிறது என்றால் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் புரியும். கெடாவில் இருக்கும் லெம்பா பூஜாங்கில் தோண்டி எடுத்த பழைய கோயில்களுக்கு ஒரு முறை சுற்றுலா போயிருந்தோம், அதைப் பற்றி அவர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பிள்ளை தன் முகத்தைப் பார்க்கும் கண்ணாடியாக ஒரு புத்தகம் இருக்கலாம், அடுத்தவர் வீட்டைப் பார்க்கும் ஜன்னலாக இருக்கலாம் என்று ருடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990-இல் எழுதினார். கறுப்பினப் பிள்ளைகள் தங்கள் முகமே இல்லாத புத்தகங்களைப் படித்து வளர்வதை நினைத்து எழுதியது. நம் அலமாரிக்கு அப்படியே பொருந்துகிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் நல்ல புத்தகம் நம் பிள்ளைக்கு ஜன்னல். கண்ணாடி வேண்டுமென்றால் நம் நாட்டு எழுத்தாளர்கள் எழுதினால்தான் உண்டு, இந்த வயதுக்கு அது மிகக் குறைவு. நான் ஒவ்வொரு வருடமும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளூர்ப் புத்தகத்துக்கென்று எடுத்து வைத்துவிடுவேன், சில வருடம் அதைச் செலவழிக்கவே புத்தகம் கிடைக்காமல் அலைந்திருக்கிறேன்.

ஆயிஷா என் மேசையில் இருக்கிறது, அலமாரியில் இல்லை. பூட்டியும் வைக்கவில்லை, கேட்டால் கொடுப்பேன். திருப்பிக் கொடுக்கும்போது பத்து நிமிடம் என்னோடு உட்கார வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. முதல் தடவை ஒரு மாணவி வந்து உட்கார்ந்து ஒன்றுமே பேசவில்லை. நானும் பேசவில்லை. பத்து நிமிடமும் அப்படியே போனது. போகும்போது, "நீங்களும் அடிப்பீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.


செந்தூல் வாத்தியார்:

பிரிக்பீல்ட்ஸ் டீச்சர், பின்னட்டைத் தாள் அருமை. முப்பது வருடத்தில் எனக்கு இது தோன்றவில்லை.


நிபோங் திபால் அம்மா:

நேற்று என் அண்ணனிடம் ஆயிஷா இருந்தது, வாங்கிப் படித்துவிட்டேன். ஒரே மூச்சில் முடிந்துவிட்டது, அப்புறம் தூங்க வெகு நேரமாகிவிட்டது. என் மகளுக்கு இந்த வருடம் வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. படிவம் 3 வரட்டும், நானே கொடுக்கிறேன், நானும் கூட உட்கார்ந்துகொள்கிறேன். ஆனால் டீச்சர், இதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எங்களுக்குக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் நாங்கள் படிக்க வேண்டிய புத்தகம் இது. கேள்வி கேட்டால் "சும்மா இரு" என்று சொல்வது வாத்தியார் மட்டும் இல்லை.


பெர்ரி வாசகி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

நோட்டில் புதுப் பக்கம் திறந்தேன். படித்த 34 புத்தகத்துக்கும் "இது யாருக்கு?" என்று எழுதப் பார்த்தேன். 13 புத்தகத்துக்குத்தான் பெயர் வந்தது. மனதுக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் பெயர் வராத 21-இல் நான் "தப்பு எதுவும் இல்லை" என்று டிக் போட்டு வைத்தவை நிறைய. தப்பு இல்லை என்பதற்காகவே வாங்கியிருப்பேன். இன்னொன்றும் தெரிந்தது. சில பிள்ளைகளின் பெயர் மூன்று, நான்கு புத்தகத்துக்கு வந்தது, சிலருடைய பெயர் ஒன்றுக்கும் வரவில்லை. அந்தப் பிள்ளைகளை எனக்குத் தெரியவே தெரியாது என்றுதான் அர்த்தம். வகுப்புப் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு அவர்களோடு ஒவ்வொருவராகச் சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்திருக்கிறேன். புத்தகம் பற்றி இல்லை, சும்மா. ஒரு பெண்ணுக்குக் கோழி வளர்ப்பதில் அவ்வளவு விஷயம் தெரிகிறது, நான் எதிர்பார்க்கவே இல்லை. கோழியைப் பற்றித் தமிழில் அந்த வயதுக்கு நல்ல புத்தகம் யாருக்காவது தெரியுமா? கதையாக இல்லாவிட்டாலும் சரி.

பெரியவர்களுக்கு ஆயிஷா என்ற அக்காவின் யோசனையை முதல்வரிடம் சொன்னேன், கூட்டத்தில் அரைமணி நேரம் தருகிறேன் என்றிருக்கிறார். எங்கள் பள்ளியிலும் அது என் மேசையில்தான் இருக்கும், பத்து நிமிட நிபந்தனையோடு. இரண்டு பேர் எடுத்திருக்கிறார்கள்.

மாயாவி ரசிகன் தம்பி சொன்னபடியே காமிக்ஸ் கொண்டுவந்து கொடுத்தார், நன்றி தம்பி. 20 புத்தகமும் முதல் வாரத்திலேயே வெளியே போய்விட்டன, ஏழு இன்னும் திரும்பவில்லை, கேட்கவில்லை.

பழைய எழுத்து அட்டை ஒட்டிவிட்டேன் ஐயா. அன்றைக்கு யானையில் விரல் வைத்த அதே பையன்தான் தடித்த பேனாவால் எழுதித் தந்தான். இப்போது அவனும் இன்னும் மூன்று பேரும் வகுப்பில் சீட்டு எழுதிக்கொள்வதே அந்த எழுத்தில்தான், கணக்கு டீச்சர் என்னிடம் வந்து இது என்ன மொழி என்று கேட்டார். மேல்தட்டிலிருந்து இரண்டு புத்தகம் வெளியே போயிருக்கிறது. ஒன்றில் பின்னட்டைத் தாளும் ஒட்டியாகிவிட்டது, அதில் முதல் சொல் 'அரிக்கேன் விளக்கு'.

வருகிற பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர் வருகிறேன். மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ் இரண்டு பக்கமும் கடை கடையாக ஏறி இறங்கப் போகிறேன். வாத்தியார் ஐயா, பிரிக்பீல்ட்ஸ் டீச்சர், யாருக்காவது டோட்டோ-சான் கண்ணில் பட்டால் எனக்காக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மூன்று பிரதி வேண்டும், மூன்றுக்கும் பெயர் எழுதியாகிவிட்டது.